நான்கு விநாடிச் சிரிப்பு

திரையில் எங்கள் பெரியம்மா தெரிந்தது நான்கு விநாடி. சேலம் சிவதாபுரத்தில் அவர் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபது பேர் கூடியிருந்தோம். பேரன் பேத்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவரோடு கொலுசுக்குச் சலங்கை வைக்கும் பெண்கள். பட்டறைக்குக்கூட அன்றைக்கு அரை நாள் லீவு. மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் உட்கார்ந்து பேசும் விவாத நிகழ்ச்சி. ஒரு மருமகள் எழுந்து, தான் சாப்பிட்டாளா என்று புகுந்த வீட்டில் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை என்று குரல் உடையச் சொன்னாள். அடுத்த ஷாட்டில் மாமியார் வரிசையிலிருந்து பெரியம்மா வாய் நிறையச் சிரித்தார்.

அறையே கைதட்டியது. பெரியம்மா மட்டும் தட்டவில்லை. “நான் இதுக்குச் சிரிக்கலையே சாமி” என்றார் என்னைப் பார்த்து. ஷூட்டிங்கில் அவர் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு காலை பதினொரு மணிக்கு, தொகுப்பாளர் சேலத்து மாம்பழத்தைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னபோது வந்தது. அந்தப் பெண் பேசியது சாயங்காலம் நாலு மணிக்கு. அவள் பேசும்போது பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிச் சிரிப்பு நாலு மணி அழுகைக்குப் பின்னால் எப்படி வந்து சேர்ந்தது? சேலத்திலிருந்து மாதாமாதம் யாராவது ஒரு மகளிர் குழுவோ கல்லூரி வகுப்போ வேன் பிடித்து, அல்லது ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியுமுன் சென்னையில் இறங்கி, டிவி ஷூட்டிங் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஷூட்டிங் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், 1935-ல் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார். முதல் படம் 1937-ல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) இந்த நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படமும் அப்படியே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஏற்காடு சாலையோரம் நிற்கும் அந்த நுழைவாயில் வளைவு மட்டும்தான். மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெரியம்மா பிறந்தது கன்னங்குறிச்சியில். அறுபதுகளில், பள்ளிக்கூடம் விட்டதும் நாலைந்து பெண்களாக அந்த கேட் வரைக்கும் நடந்து போய், கார் உள்ளே போகும்போது கண்ணாடிக்குள் யார் தெரிகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார்களாம். உள்ளே ஒருநாளும் விட்டதில்லை. அதற்குக் காரணம் கண்டிப்பு மட்டும் அல்ல, வேலையின் தன்மையே அப்படி. சினிமாவில் பெரும்பாலும் ஒரே கேமரா. ஒரு ஷாட் எடுத்தபின் கேமராவை நகர்த்தி, விளக்குகளை மாற்றி, அடுத்த ஷாட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நடிகர் பேசுவது தளத்திலேயே பதிவானால், வெளியாள் ஒருவர் இருமினாலும் ஃபிலிம் வீண். கூட்டம் அங்கே இடைஞ்சல்தான்.

டிவிக்கோ கூட்டம் தேவைப்பட்டது. 1951-ல் அமெரிக்காவில் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடரை எடுத்தவர்கள் மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரே நிஜமான பார்வையாளர்களை உட்காரவைத்தார்கள். நாடகம் போல நடிகர்கள் தொடர்ந்து நடிக்கலாம். எதிரே இருப்பவர்கள் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி, சிரிப்பு அடங்கியதும் தொடரலாம். மூன்று கோணங்களும் கையில் இருப்பதால் வெட்டி ஒட்டுவது சுலபம். அந்த ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவியது. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல், சன் டிவி வந்தது 1993-ல். தனியார் சேனல்கள் பெருகிய பிறகு பட்டிமன்றம், பாட்டுப் போட்டி, விவாதம் என்று கூட்டத்தை நம்பி நடக்கும் நிகழ்ச்சிகளும் பெருகின. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு, தன்னைப் போன்ற இன்னொருவர் அங்கே இருந்து சிரிக்கிறார், அழுகிறார் என்று தெரிந்தால் சேனல் மாற்றக் கை போகாது. கன்னங்குறிச்சிப் பெண்ணுக்கு அன்றைக்குத் திறக்காத கேட், அறுபது வருஷம் கழித்துச் சாப்பாடும் போட்டுத் திறந்ததற்குக் காரணம் இதுதான்.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நாங்கள் பதினெட்டுப் பேர். காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றார் ஆடியன்ஸ் கோஆர்டினேட்டர். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. வெளியிலிருந்து பார்த்தால் நெல் குடோன் மாதிரி உயரமான தகரக் கூரைக் கட்டடம். அதைத்தான் ‘ஃப்ளோர்’ என்கிறார்கள். போன் எல்லாவற்றையும் வாங்கி, துணிப்பையில் போட்டு, நம்பர் சீட்டுக் கொடுத்தார்கள். ஒளிபரப்பாகும் முன் ஒரு படமும் வெளியே போகக் கூடாது என்பது ஒரு காரணம். போன் சிக்னல் மைக்கில் ‘கிர்ர்’ என்று விழும் என்பது இன்னொரு காரணம்.

பிறகு உடையைப் பார்த்தார்கள். எங்களோடு வந்த இரண்டு பெரியவர்கள் பளீரென்ற வெண்பட்டு வேட்டி சட்டையில் வந்திருந்தார்கள். சேலத்துக்காரர் விசேஷத்துக்கு வேறென்ன உடுத்துவார்? சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் கேமராவில் வெளிச்ச அளவை முகத்துக்குத்தான் வைக்கிறார்கள். மாநிறமான முகம் சரியாகத் தெரியும்படி வைத்தால், வெள்ளைத் துணி மடிப்பே தெரியாமல் வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். பார்ப்பவரின் கண் அங்கேயே போய் நிற்கும். அதனால் இருவரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். பொடிக்கட்டம் போட்ட சட்டைக்காரருக்கும் அதே கதி. கேமரா சென்சாரில் இருக்கும் புள்ளி வரிசையும் துணியின் கோட்டு வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது, துணியில் இல்லாத ஓர் அலை திரையில் நெளியும். இதை முதல் நாளே போனில் சொல்லியிருந்தால் வேறு சட்டை எடுத்து வந்திருப்பார்கள். அவர்கள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்தது கொலுசு. சவுண்ட் இன்ஜினியர் ஒரு பையன், மிஞ்சினால் இருபத்தைந்து வயது இருக்கும். ஹெட்போனை ஒரு காதில் மாட்டியபடி வரிசைக்குள் வந்து, குனிந்து தரையைப் பார்த்து, “அம்மா, எல்லாரும் கொலுசைக் கழட்டிடுங்கம்மா” என்றான். பார்வையாளர் தலைக்கு மேல் தொங்கும் மைக்குகள் கைதட்டலையும் சிரிப்பையும் வாங்குவதற்காக இருப்பவை. கால் மாற்றி உட்காரும்போது எழும் சலங்கைச் சத்தத்தையும் அவை விடாது. பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் கொலுசுத் தொழிலில் இருப்பவர்கள். அவர்கள் கையால் சலங்கை வைத்த கொலுசுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கைக்குட்டைக்குள் போயின. பெரியம்மா தன்னுடையதை அந்தப் பையன் காதருகே ஆட்டிக் காட்டி, “நல்லா கேக்குதா கண்ணு? நான் வச்ச சலங்கை” என்றார். அவன் சிரித்துக்கொண்டே, நல்லாக் கேக்குதும்மா, அதுதான் பிரச்சினை என்றான்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்குகள், எல்இடி சுவர், நூறு பேர் உடம்புச் சூடு, மேக்கப் கலையாமல் இருக்க வேண்டிய முகங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஏசியை ஓடவிடுகிறார்கள். மார்கழியில் ஏற்காடு ஏரிக்கரையில் நின்ற மாதிரி இருந்தது. சால்வை கொண்டுபோவது நல்லது. ஆனால் ‘ரோலிங்’ என்றதும் அதை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட வேண்டும்.

செட் சின்னது. டிவியில் மாளிகை மாதிரி தெரிகிற இடம் கிட்டே போனால் ப்ளைவுட்டும் பெயின்ட்டும். அகலமாகக் காட்டும் லென்ஸும், நீண்ட கையின் நுனியில் தலைக்கு மேல் சுழன்று வரும் ஜிம்மி ஜிப் கேமராவும் அதைப் பெரிதாக்குகின்றன. நான் அதிகம் ரசித்தது செட்டை அல்ல, பிசிஆர் என்று அவர்கள் சொல்லும் கன்ட்ரோல் அறையைத்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கெஞ்சிக் கேட்டு, அடுத்த ஷாட்டுக்கு ஐந்து நிமிடம் கதவோரம் நிற்க அனுமதி வாங்கினேன். ஆறு கேமரா, ஆறு சின்னத் திரைகள், நடுவே ஒரு பெரிய திரை. இயக்குநர் மைக்கில், “மூணு, அந்த அம்மாவைப் பிடி... அப்படியே நில்லு... மூணு ரெடி... மூணு” என்கிறார். பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்தியதும் மூன்றாவது கேமரா பெரிய திரைக்கு வருகிறது. தளத்தில் ஓர் அசைவும் தெரியாது. ஒவ்வொரு கேமராமேன் காதிலும் இந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். பார்வையாளர் பக்கம் திரும்பிய இரண்டு கேமராக்களுக்கு வேலையே முகம் தேடுவதுதான். தலையாட்டும் முகம், வாய் பிளந்த முகம், கண் கலங்கிய முகம்.

பெரிய திரையில் வருவது மட்டும் பதிவாவதில்லை என்பதுதான் பெரியம்மாவின் சிரிப்புக்கு விடை. ஆறு கேமராக்கள் பிடிப்பதும் தனித்தனியாகவும் பதிவாகின்றன. ஒவ்வொன்றிலும் மணி, நிமிடம், விநாடி, பிரேம் என்று ஒரே நேரக் கணக்கு, டைம்கோட், ஓடுகிறது. பிரேம் என்றால் ஒரு தனிப் படம்; இங்கே ஒரு விநாடிக்கு 25 பிரேம். பெரியம்மாவின் நான்கு விநாடி என்பது 100 பிரேம். எடிட்டிங் மேஜையில் அந்த 100 பிரேமை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

அப்படி வைக்க வேண்டிய தேவையும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு நான்கு மணி நேரம்கூட எடுக்கிறார்கள். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை விதியில் இடம் உண்டு; மிச்சம் 48 நிமிடம். ஒருவர் ஐந்து நிமிடம் சுற்றி வளைத்துப் பேசியதை நாற்பது விநாடியாக்க வேண்டும். நடுவில் வெட்டினால் பேசுபவரின் தலை ‘டக்’கென்று குதிக்கும். அந்தக் குதிப்பை மறைக்க நடுவே இன்னொரு முகத்தைக் காட்டுகிறார்கள். அந்த இரண்டு விநாடியில் பேசுபவரின் மூன்று வாக்கியம் காணாமல் போயிருக்கும். அதற்காகத்தான் முகங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறார்கள்.

சேர்ப்பதற்கென்றே தனி நேரமும் உண்டு. ஃப்ளோர் மேனேஜர் எங்கள் முன் வந்து நின்று, இப்போது யாரும் பேசப் போவதில்லை, ஆனாலும் ஒருவர் பேசுவது போல இடது பக்கம் பாருங்கள் என்றார். பார்த்தோம். பிறகு வலது பக்கம். பேசுபவர் எந்தத் திசையில் இருக்கிறாரோ அந்தத் திசையில் பார்வை இருந்தால்தான் ஷாட் ஒட்டும். பிறகு மெதுவான கைதட்டல், பலத்த கைதட்டல், எழுந்து நின்று கைதட்டல். “ஒன் மோர்.” மறுபடி. கை சிவந்துவிட்டது. நிஜமான கைதட்டலைக்கூட அவர்கள் ஒழுங்குபடுத்துகிறார்கள். பேச்சு முடிந்து ஒரு விநாடி விட்டுத்தான் தட்ட வேண்டும். பேச்சின் கடைசி வார்த்தை மேல் கைதட்டல் விழுந்துவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது, எடிட்டர் அங்கே வெட்டவும் முடியாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு டிவியே பொய் என்று எங்கள் குழுவில் ஒருவர் ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அப்படி நினைக்கவில்லை. நேரத்தைச் சுருக்குவது பொய் ஆகாது. கேட்டுக் கைதட்ட வைப்பதும் பெரிய குற்றமில்லை. கல்யாண போட்டோவில் சிரிக்கச் சொல்வதைப் போலத்தான். ஆனால் ஒருத்தி தன் பசியைச் சொல்லும் இடத்தில், அதற்கு அழுத ஒரு கிழவியின் சிரிப்பை ஒட்டுவது அநியாயம். அது அந்த முகத்துக்குச் சொந்தமில்லாத ஒரு குணத்தை அதன் மேல் ஏற்றுகிறது. பெரியம்மாவுக்கு மருமகள் இரண்டு பேர். அன்று மத்தியானம் அந்த ஷாட் வந்தபோது, அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் சட்டென்று உள்ளே போனதை நான் கவனித்தேன். பெரியம்மாவும் கவனித்தார். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மாம்பழக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

அந்த நிகழ்ச்சியின் பெயரோ சேனலின் பெயரோ இங்கே தேவையில்லை. கோஆர்டினேட்டரிடம் போனில் கேட்டேன். “எடிட்ல அப்படித்தாங்க வரும், ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காங்களே” என்றார். உண்மைதான். காலையில் போன் வாங்கும் மேஜையிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பதிவான உருவத்தையும் குரலையும் எப்படி வேண்டுமானாலும் தொகுத்து, எந்த ஊடகத்திலும் பயன்படுத்தலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பதினெட்டுப் பேரில் படித்துப் பார்த்தது நான் ஒருத்தி, அதுவும் அரைகுறையாக. தமிழ்ப் பெண்கள் கையெழுத்துப் போடும் தாள் தமிழில் இருக்க வேண்டும். இதை யாரும் சலுகையாகத் தர வேண்டியதில்லை. போகிறவர்கள் கேளுங்கள்: இன்றைக்குத் தலைப்பு என்ன, என்னை எந்தப் பக்கம் உட்காரவைக்கிறீர்கள், ஏன்? பெரியம்மாவை மாமியார் பக்கம் உட்காரவைத்தது நரைத்த முடியைப் பார்த்துத்தான். எந்தக் கட்சி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சில நிகழ்ச்சிகளில் பார்வையாளருக்குப் பேட்டா கொடுக்கிறார்கள், சிலவற்றில் சாப்பாடு மட்டும். பேட்டா வாங்கி வருபவர்களைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. காலை எட்டு மணியிலிருந்து இரவு வரை குளிரில் உட்கார்ந்து, கேட்டபோதெல்லாம் முகம் கொடுப்பது வேலைதான். வேலைக்குக் கூலி உண்டு.

பாட்டுப் போட்டிக்கும் நடனப் போட்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோருக்குச் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். வரும் பணத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பிள்ளை இரவு பதினொரு மணிக்கு மேக்கப்போடு நாற்காலியில் தூங்கி விழுந்தால், ‘இன்னும் ஒரு ரவுண்டுதான்’ என்று யார் சொன்னாலும் பெற்றோர் எழுந்து கூட்டிவந்துவிடலாம்.

சென்னைக்குப் போகாமலும் ஷூட்டிங் பார்க்க முடியும். விசு நடத்திய அரட்டை அரங்கம் ஊர் ஊராகப் போய்ப் பதிவானது. இப்போதும் பண்டிகைப் பட்டிமன்றங்களுக்குச் சேனல்கள் வெளியூர் மண்டபங்களுக்கு வருகின்றன. வாசலில் நிற்கும் ஓபி வேன் என்ற வெளிப்புறப் பதிவு வண்டிக்குள்தான் அப்போது பிசிஆர். தெரிந்த ஊர், தெரிந்த மண்டபம், பக்கத்தில் தெரிந்த முகம் என்றால் சிரிப்பும் வேறு மாதிரி வருகிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பெரியம்மா அந்த நிகழ்ச்சி பார்ப்பதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறார். ஆனால் பேசுபவரைக் கேட்பதில்லை, பின்வரிசையைப் பார்க்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது, யாரோ ஒருவர் கடனைப் பற்றிப் பேச, இளம்பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பேத்தி, “ஐயே, இந்த அக்காவைப் பாரேன்” என்றாள்.

பெரியம்மா கையிலிருந்த கொலுசைக் கீழே வைத்தார். “இல்ல கண்ணு. இப்பத்தான் அந்தப் பொண்ணு தலையில பூ இருந்துச்சு. சிரிக்கையில பாத்தியா, பூவே இல்ல. அது காலையில எடுத்தது” என்றார்.